இடி கேட்டதும் உள்ளே போங்கள்: மின்னல் மழைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மின்னல் தாக்கி இறப்பவர்களில் பலர் கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டு நின்றவர்கள் அல்ல. மழை வருமுன் களத்தில் காயும் நெல்லை அள்ளிவிடலாம் என்று ஓடியவர்கள், தூறலுக்கு மரத்தடியில் ஒதுங்கியவர்கள், மழை விட்டாச்சு என்று மாட்டை அவிழ்க்கப் போனவர்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-ல் மட்டும் இந்தியாவில் 2,887 பேர் மின்னலுக்குப் பலியானார்கள். அந்த ஆண்டு இயற்கைச் சீற்றங்களில் இறந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இது. ஆனால் புயலுக்குப் பள்ளி விடுமுறை விடுகிறோம், மின்னலுக்கு ஒரு கதவைக்கூடச் சாத்துவதில்லை.

மழையை வைத்து முடிவெடுப்பதில்தான் கோளாறு. மழை வேறு கணக்கு, மின்னல் வேறு கணக்கு. இடிமேகம் 10 கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போதே உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கலாம், அதே நேரத்தில் நீங்கள் மின்னலின் எல்லைக்குள்ளும் இருக்கலாம். அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே ஒரு கடிகாரத்தை நம்பித்தான் போகிறது: இடிச்சத்தம்.

மேகத்துக்குள் நடப்பது

வானிலை அறிக்கையில் 'வெப்பச்சலனம் காரணமாக' என்று அடிக்கடி கேட்டிருப்பீர்கள். காலையிலிருந்து காய்ந்த தரை தன்மேல் உள்ள ஈரக்காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலே ஏறுகிறது, ஏற ஏறக் குளிர்ந்து மேகமாகிறது. நம் ஊர் வானத்தில் சுமார் 5 கிலோமீட்டருக்கு மேல் போனால் உறைநிலைதான். இடிமேகம் அதையும் தாண்டி 15 கிலோமீட்டருக்கு மேல்கூட வளரும். அந்தக் குளிர்ப் பகுதியில் சின்னச் சின்ன ஆலங்கட்டித் துணுக்குகளும் லேசான பனித்துகள்களும் விடாமல் மோதிக்கொள்கின்றன. மோதும்போது மின்சுமை கைமாறுகிறது. கனமான துணுக்குகள் எதிர்மின்சுமையோடு கீழே தங்க, லேசான துகள்கள் நேர்மின்சுமையோடு உச்சிக்குப் போய்விடும்.

இந்தச் சுமை ஓர் அளவை மீறும்போது மேகத்தின் அடியிலிருந்து ஒரு மின்பாதை கீழ்நோக்கிக் கிளம்புகிறது. நேர்கோட்டில் அல்ல. சுமார் 50 மீட்டர் பாய்ந்து, ஒரு கணம் நின்று, திசை மாறி, கிளைவிட்டு இறங்கும். அது தரையை நெருங்கும்போது தரையிலிருந்தும் பொறிகள் மேல்நோக்கி எழும்: தென்னை உச்சியிலிருந்து, கோபுரக் கலசத்திலிருந்து, வரப்பில் நிற்கும் ஆளின் தலையிலிருந்து. இவற்றில் எது முதலில் மேலிருந்து வருவதைத் தொடுகிறதோ, அதன் வழியாக மின்சாரம் பாய்ந்துவிடும். சராசரியாக 30,000 ஆம்பியர். நம் வீட்டு ஏசிக்குப் போடும் எம்சிபி, அதாவது மின்சாரம் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச், 16, 20 ஆம்பியருக்கானதுதான் என்பதை நினைத்தால் அளவு புரியும். மின்னல் பாதையின் வெப்பம் சுமார் 30,000 டிகிரி செல்சியஸ், சூரியனின் மேற்பரப்பைப்போல் ஐந்து மடங்கு. அந்தச் சூட்டில் காற்று வெடித்து விரிவதுதான் இடி. பல கிலோமீட்டர் நீளமுள்ள பாதையின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் சத்தம் வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்வதால்தான் தூரத்து இடி உருள்கிறது. பக்கத்தில் விழுந்தால் 'படார்' என்று ஒரே அறைதான்.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. இறங்கி வரும் மின்பாதைக்குக் கடைசிச் சில பத்து மீட்டர் வரை தரையில் என்ன இருக்கிறது என்பதே ஒரு பொருட்டில்லை. 'பக்கத்துலதான் செல்போன் டவர் இருக்கே, அது வாங்கிக்கும்' என்று சொல்வது இதனால்தான் எடுபடாது. 300 மீட்டர் தள்ளி இருக்கும் டவர் உங்களைக் காப்பாற்றாது.

எப்போது எச்சரிக்கையாக இருப்பது

தமிழ்நாட்டில் சித்திரை, வைகாசிக் கோடை மழை ஒரு காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கே வேலூர், திருப்பத்தூர், ஜவ்வாது மலைப் பக்கம் பிற்பகலில் உருவாகும் மேகங்கள் மேற்குக் காற்றில் நகர்ந்து இரவுக்குள் சென்னைக்கு வருவது இன்னொன்று. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியிலும் இடி அதிகம். இலங்கையில் இரண்டு பருவமழைகளுக்கு இடைப்பட்ட மார்ச், ஏப்ரலும் அக்டோபர், நவம்பரும்தான் மின்னல் மாதங்கள். எல்லா ஊருக்கும் பொதுவானது, பிற்பகல் 2 மணியிலிருந்து இரவு வரையான நேரம்.

படி 1: காலையிலேயே ஒரு பார்வை

இந்திய வானிலை ஆய்வுத் துறை மாவட்ட வாரியாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை தருகிறது. அதைவிட நமக்கு உபயோகமானது, அடுத்த மூன்று மணி நேரத்துக்கு அவர்கள் தரும் உடனடி முன்னறிவிப்பு. 'அடுத்த 3 மணி நேரத்தில் இந்த மாவட்டங்களில் இடி மின்னலுடன் மழை' என்று தொலைக்காட்சியில் ஓடுவது அதுதான். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய தாமினி செயலி, உங்களைச் சுற்றி கடந்த சில நிமிடங்களில் எங்கெல்லாம் மின்னல் விழுந்தது என்று வரைபடத்தில் காட்டும். தமிழ்நாடு அரசின் டிஎன் அலர்ட் செயலியும் இருக்கிறது.

செயலியைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போவது மட்டும் போதாது. நடவோ களை எடுப்போ, பத்து இருபது பேர் வயலில் இறங்கும் நாள் என்றால் 'இடி கேட்டால் எங்கே போவது' என்பதை மேஸ்திரி காலையிலேயே சொல்லிவிட வேண்டும். இடி கேட்ட பிறகு எங்கே போகலாம் என்று யோசித்தால் கால் தானாக மரத்தடிக்குத்தான் போகும். பிற்பகல் மழை வரும் மாதங்களில் வயல் வேலையை விடியலில் தொடங்கி மதியத்துக்குள் முடிப்பது எல்லாவற்றையும்விட நல்லது.

படி 2: வானத்தைப் பாருங்கள்

காலை 11 மணிக்கு வெள்ளை வெளேரென்று மிதக்கும் சின்ன மேகங்களால் ஒன்றுமில்லை. அதில் ஒன்று மேல்நோக்கி வளர ஆரம்பித்து, ஓரமெல்லாம் காலிஃபிளவர் மாதிரி கூர்மையாகத் திரண்டு நின்றால் கவனியுங்கள். கொஞ்ச நேரத்தில் அதன் உச்சி தட்டையாகப் பரவி, ஓரம் மங்கி நார்நாராகத் தெரியும். அது பனித்துகள்களாக மாறிவிட்டதன் அடையாளம், அதாவது உள்ளே மின்சுமை பிரிந்துகொண்டிருக்கிறது. அடிப்பாகம் கருத்து, அப்புறம் புழுக்கத்துக்கு நடுவே திடீரென்று ஜில்லென்று காற்று வீசி மண்வாசனை வந்தால், மேகத்திலிருந்து இறங்கிய குளிர்காற்று உங்களை எட்டிவிட்டது. 'ஆஹா, காத்து நல்லா இருக்கு' என்று மொட்டை மாடிக்கு ஏறுகிற நேரம் அதுவல்ல.

படி 3: இடியைக் கேளுங்கள்

மின்னல் தெரிந்ததும் ஒன்று, இரண்டு, மூன்று என்று விநாடிகளை எண்ணுங்கள். சத்தம் ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறத்தாழ 3 விநாடி ஆகும். எண்ணியதை மூன்றால் வகுத்தால் தூரம் கிடைத்துவிடும். 30 விநாடி என்றால் 10 கிலோமீட்டர்.

இந்தக் கணக்கு தெரிந்திருப்பது நல்லதுதான், ஆனால் எண்ணிப் பார்த்துவிட்டு 'இன்னும் 8 கிலோமீட்டர் இருக்கு' என்று களத்திலேயே நிற்பதற்கு அல்ல. அந்த மின்னல் 8 கிலோமீட்டரில் விழுந்தது, அடுத்தது எங்கே விழும் என்று அது சொல்லவில்லை. மேகத்தின் உச்சியிலிருந்து கிளம்பும் சில மின்னல்கள் பக்கவாட்டில் நெடுந்தூரம் போய் வெயிலடிக்கும் இடத்திலும் இறங்குவதுண்டு. 2017 அக்டோபரில் அமெரிக்காவில் ஒரே மின்னல் 829 கிலோமீட்டர் நீண்டதாக உலக வானிலை அமைப்பு பதிவு செய்திருக்கிறது. அது அபூர்வம். நம் தேவைக்கு ஒன்று தெரிந்தால் போதும்: சாதாரணமாக இடிச்சத்தம் 15 கிலோமீட்டர் வரைதான் கேட்கும், மேகத்திலிருந்து மின்னல் தள்ளிப்போய் விழும் தூரமும் கிட்டத்தட்ட அதுவே. ஆக, காதில் இடி விழுந்தால் நீங்கள் எல்லைக்குள் இருக்கிறீர்கள். அறுவடை இயந்திரமோ டிராக்டரோ ஓடும் இடத்தில் இடி கேட்காது, அங்கே மின்னல் கண்ணில் பட்டதுமே கிளம்ப வேண்டும்.

படி 4: எங்கே ஒதுங்குவது

முதல் தேர்வு, வயரிங்கும் தண்ணீர்க் குழாயும் உள்ள காங்கிரீட் கட்டடம். மின்னல் விழுந்தாலும் கம்பி, குழாய், சுவருக்குள் இருக்கும் இரும்பு வழியாகப் பெரும்பகுதி மண்ணுக்குப் போய்விடும். அடுத்தது, மேலே தகடு மூடிய கார், வேன், பேருந்து, லாரி கேபின். கண்ணாடியை ஏற்றிவிட்டு, உலோகப் பாகங்களைத் தொடாமல் உட்காருங்கள். கார் காப்பாற்றுவது ரப்பர் டயரால் அல்ல. கிலோமீட்டர் கணக்கில் காற்றைக் கிழித்துக்கொண்டு வந்த மின்னலுக்கு அரை அடி ரப்பர் ஒரு தடையா? சுற்றியுள்ள தகடு மின்சாரத்தை வெளிப்புறமாகவே கடத்தி இறக்குவதால்தான் உள்ளே இருப்பவர் தப்புகிறார். இதே காரணத்தால் ரப்பர் செருப்பும் டூ வீலர் டயரும் எதற்கும் உதவாது. பைக், திறந்த டிராக்டர், ஆட்டோ மூன்றும் பாதுகாப்பு இல்லை.

கிராமத்தில் நெருக்கத்தில் இருப்பது பெரும்பாலும் மோட்டார் ரூம்தான். செங்கல் சுவரும் கதவும் உள்ள ரூம் என்றால் மரத்தடியைவிட எவ்வளவோ மேல். ஆனால் உள்ளே ஸ்டார்ட்டர் பெட்டி, கிணற்றுக்குப் போகும் இரும்புக் குழாய், கம்பத்திலிருந்து வரும் லைன் எல்லாம் இருக்கின்றன. அவற்றை ஒட்டியோ சுவரில் சாய்ந்தோ நிற்காதீர்கள், நடுவில் நில்லுங்கள். ஓட்டு வீட்டிலும் அப்படியே, கட்டிலிலோ மர பெஞ்சிலோ நடுவில் உட்காருவது நல்லது. கூரைக் குடிசை, பக்கம் திறந்த தகர ஷெட், பஸ் ஸ்டாப் நிழற்குடை, கோயில் மண்டபத் திறப்பு எல்லாம் மழைக்கு மட்டும்தான் ஒதுங்க உதவும். திண்ணையில் உட்கார்ந்து மழையை ரசிப்பதையும் கொஞ்சம் ஒத்திவைக்கலாம்.

மரத்தடி ஏன் இவ்வளவு மோசம்? மின்னல் மரத்தில் விழுந்து தண்டு வழியாக இறங்கும்போது, மரத்தைவிட எளிதான பாதையாகப் பக்கத்தில் நிற்கும் மனித உடல் கிடைக்கிறது. மரத்திலிருந்து ஆளுக்குத் தாவிவிடும். தாவாவிட்டாலும் வேர் வழியாக மண்ணில் பரவும். மின்னல் பலிகளில் நேரடியாகத் தலையில் விழுவது குறைவு, தரையில் பரவும் மின்சாரமும் பக்கத் தாவலுமே அதிகம். ஒரே மரத்தடியில் ஒதுங்கிய ஆட்டு மந்தை மொத்தமாகச் சாய்வது இப்படித்தான்.

உயரமான இடங்களும் அதே ரகம். 2021 ஜூலையில் ஜெய்ப்பூர் ஆமேர் கோட்டையருகே குன்றின் மேலுள்ள காவல் கோபுரத்தில் மழையை வேடிக்கை பார்க்கவும் செல்ஃபி எடுக்கவும் போனவர்களில் 11 பேர் மின்னலில் இறந்தார்கள். செல்போன் மின்னலை இழுக்காது, அந்தப் பழியை அதன்மேல் போட வேண்டாம். கையில் போனோடு ஏறி நிற்கிற உயரம்தான் ஆபத்து. மொட்டை மாடியில் காயும் வடாமும் துணியும் நனைந்தால் நனையட்டும்.

கடலிலோ ஏரியிலோ இருப்பவர்களுக்குத் தேர்வு இன்னும் குறைவு. ஃபைபர் படகில் அந்தப் பரப்பிலேயே உயரமான பொருள் நீங்கள்தான். எச்சரிக்கை இருக்கும் நாளில் போகாமல் இருப்பதைத் தவிர நல்ல வழி கிடையாது. மாட்டிக்கொண்டால் படகின் நடுவில் தாழ்வாக உட்கார்ந்து, எஞ்சின், ஏரியல், ஈர வலை எதையும் தொடாமல் இருங்கள். குளம், கிணறு, அருவியில் குளிப்பவர்கள் முதல் இடியிலேயே கரையேற வேண்டும்.

படி 5: வீட்டுக்குள் வந்த பிறகு

வீட்டுக்குள் வந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. கம்பத்தில் விழுந்த மின்னல் வயர் வழியாகவும் குழாய் வழியாகவும் உள்ளே வரும். இடி ஓயும்வரை குளிப்பது, பாத்திரம் கழுவுவது, வாஷிங் மெஷின் போடுவது வேண்டாம். சார்ஜரில் மாட்டிய போனில் பேசாதீர்கள், மாட்டாத போனில் தாராளமாகப் பேசலாம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் வெறும் காங்கிரீட் தரையில் படுப்பதும் கூடாது.

பிளக்கைப் பிடுங்குவதென்றால் மேகம் கூடும்போதே பிடுங்கிவிடுங்கள். இடி தலைக்கு மேல் வந்த பிறகு டிவி பின்னால் கையை விடுவதைவிட டிவி போனால் போகிறது என்று விடுவது மேல். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது, அந்தச் சின்ன இடைவெளியை மின்னல் தாண்டிவிடும். பலர் கரண்ட் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மாடி டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளையும் இணைய மோடத்தின் வயரையும் அப்படியே விட்டுவிடுவார்கள். டிவியும் செட்டாப் பாக்ஸும் போவது பெரும்பாலும் அந்த வழியில்தான். எம்சிபியோ ஸ்டெபிலைசரோ இதைத் தடுக்காது. மெயின் போர்டில் சர்ஜ் தடுப்பான் (திடீரென்று எகிறும் மின்னழுத்தத்தை மண்ணுக்குத் திருப்பிவிடும் கருவி) பொருத்தினால் கம்பம் வழியே வரும் அதிர்ச்சியைப் பெரிய அளவில் குறைக்கும், அதுவும் எர்த் ஒழுங்காக இருந்தால்தான். கோடைக்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

இடிதாங்கியும் இதே கதைதான். உச்சியில் கம்பி, அங்கிருந்து தடையின்றி இறங்கும் தாமிரப் பட்டை, அடியில் நல்ல எர்த் குழி என மூன்றும் சேர்ந்தால்தான் இடிதாங்கி. பட்டை பாதியில் அறுந்திருந்தால், மின்னலை வீட்டுக்கு வரவழைத்து வழியில் விட்டுவிட்ட மாதிரி ஆகிவிடும். கோபுரக் கலசமே இடிதாங்கி என்று வாட்சப்பில் சுற்றுவதையும் இந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும். மண் வரை இறங்கும் பட்டை இல்லையென்றால் கலசம் வெறும் உயரமான உலோகம்தான்.

இடி இடித்தால் 'அர்ச்சுனா, அர்ச்சுனா' என்று சொல்லும் பாட்டிகளோடு எனக்குச் சண்டை இல்லை. முற்றத்தில் கடப்பாரையைத் தூக்கிப் போடப் போகும் தாத்தாவோடுதான் சண்டை. கடப்பாரை மின்னலை ஒன்றும் செய்யாது, அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போகும் ஆளுக்குத்தான் ஆபத்து.

படி 6: வெளியே மாட்டிக்கொண்டால்

ஒதுங்க இடமே இல்லை என்றாலும் முதலில் செய்ய வேண்டியது இடத்தை மாற்றுவது. மேடு, வரப்பு, தனி மரம், மின்கம்பம், முள்கம்பி வேலி ஆகியவற்றை விட்டு விலகி, பாதுகாப்பான இடம் இருக்கும் திசையில் வேகமாக நடங்கள். குடையை மடக்கிவிடுங்கள், தோளில் வைத்திருக்கும் மண்வெட்டியை இறக்குங்கள். உலோகம் என்பதற்காக அல்ல, இரண்டும் உங்கள் உயரத்தைக் கூட்டுகின்றன. கூட்டமாக இருந்தால் 15 மீட்டருக்கு ஒருவராகப் பிரிந்து போங்கள், ஒருவரைத் தாக்கினால் உதவ மற்றவர்கள் மிஞ்சுவார்கள்.

முடி சிலிர்த்து நின்றாலோ, தோல் குறுகுறுத்தாலோ, கையில் உள்ள கருவி ரீங்கரித்தாலோ உங்களுக்குச் சில விநாடிகள்தான் இருக்கின்றன. கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்துக் குத்தவைத்து உட்கார்ந்து, தலையைக் குனிந்து காதைப் பொத்திக்கொள்ளுங்கள். கை தரையைத் தொடக் கூடாது. பாதங்களை ஏன் ஒட்ட வேண்டும் என்றால், மின்னல் மண்ணில் பரவும்போது ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையிலேயே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் இருக்கும். கால்கள் அகன்று இருந்தால் அந்த வித்தியாசம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கும். மாட்டுக்கு முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி அதிகம், இதயம் அந்த வழியிலேயே இருக்கிறது, அதனால்தான் அது தப்புவதில்லை. மண்ணில் படுப்பதும் இதே காரணத்தால் தப்பு. குத்தவைப்பது ஆபத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். ஓட வழி இருக்கும்போது குத்தவைத்துக் காத்திருக்காதீர்கள்.

படி 7: கடைசி இடிக்கு அப்புறம் 30 நிமிடம்

மழை நின்றதிலிருந்து அல்ல, கடைசியாக இடி கேட்டதிலிருந்து 30 நிமிடம். நடுவில் ஒரு இடி கேட்டால் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் விதிதான். வானம் வெளுத்து மழை விட்ட பின்னும் மேகத்தின் பின்பகுதி உங்கள் தலைக்கு மேல்தான் இருக்கும், அதில் மிச்சமுள்ள மின்சுமைக்கு ஒரு மின்னல் போதும்.

படி 8: யாரையாவது தாக்கிவிட்டால்

தாக்கப்பட்டவர் உடம்பில் மின்சாரம் தங்காது. தொட்டால் ஷாக் அடிக்கும் என்று தள்ளி நின்றே பலரை இழந்திருக்கிறோம். உடனே தொடலாம், தூக்கலாம். அறுந்த மின்கம்பி பக்கத்தில் கிடக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். மின்னல் தொடர்ந்தால் அவரை உள்ளே கொண்டுபோங்கள். ஒருவர் தமிழ்நாட்டில் 108-க்கோ இலங்கையில் 1990-க்கோ அழைக்கட்டும், இன்னொருவர் மூச்சைப் பார்க்கட்டும்.

பலர் விழுந்து கிடந்தால், முனகுகிறவரை விட்டுவிட்டு அசையாமல் கிடப்பவரிடம் முதலில் போங்கள். மற்ற விபத்துகளுக்கு நேர்மாறான வரிசை இது. முனகுகிறவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். மூச்சும் இதயமும் நின்றவருக்குத்தான் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. மின்னல் இதயத்தை ஒரே அடியில் நிறுத்துகிறது, பல நேரம் அது தானாகவே மறுபடி துடிக்கத் தொடங்கும். ஆனால் மூளையில் மூச்சை நடத்தும் பகுதி அவ்வளவு சீக்கிரம் விழிக்காது. மூச்சு இல்லாமல் துடித்த இதயம் ஆக்சிஜன் இல்லாமல் மீண்டும் நின்றுவிடும். இந்த இடைவெளியை நிரப்பத்தான் சிபிஆர், அதாவது நெஞ்சை அழுத்தி, வாய்வழி மூச்சு ஊதும் முதலுதவி.

கட்டாந்தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, நெஞ்சின் நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, மேலே மறு கையைக் கோத்து, முழங்கை மடங்காமல் குறைந்தது 5 சென்டிமீட்டர் அமுங்கும்படி அழுத்துங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பின் நெஞ்சு முழுதாக மேலெழ விடுங்கள். 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு: தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மூக்கை மூடி, வாயோடு வாய் வைத்து நெஞ்சு உயரும் அளவுக்கு ஊதுங்கள். மின்னல் அடிபட்டவருக்கு இந்த மூச்சு ரொம்ப முக்கியம். கண்மணி விரிந்து நிலைகுத்தியிருப்பதைப் பார்த்து 'போயிட்டார்' என்று விட்டுவிடாதீர்கள், மின்னலில் அது சாவின் அடையாளம் அல்ல. ஆம்புலன்ஸ் வரும்வரை ஆள் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். சத்தீஸ்கர் பக்கம் அடிபட்டவரைச் சாணத்தில் புதைத்து வைக்கும் பழக்கத்தில் வீணாவது இந்த நிமிடங்கள்தான்.

பிழைத்தவருக்குக் கால் மரத்து நீலம் பாரித்து அசையாமல் போகலாம், பெரும்பாலும் சில மணி நேரத்தில் சரியாகிவிடும். தோலில் இலை நரம்புபோல் சிவந்த கோலம் தெரிந்தால் அது தீக்காயமல்ல, ஓரிரு நாளில் மறையும். எழுந்து நடந்து 'எனக்கு ஒண்ணுமில்லை' என்று சொன்னாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் ஈசிஜி எடுங்கள். செவிப்பறை கிழிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தூக்கமின்மை, மறதி, கை கால் வலி மாதக்கணக்கில் தொடரலாம். கண்புரை அதற்கும் பின்னால்கூட வரும், அப்போது கண் மருத்துவரிடம் மின்னல் தாக்கியதை மறக்காமல் சொல்லுங்கள்.